தடைக்காலமும் எர்ரர் பட்ஜெட்டும்: டெவ்ஆப்ஸ், எஸ்ஆர்இ எங்கே ஒன்று, எங்கே வேறு?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு நாலைந்து பிள்ளைகள் லேப்டாப்போடு வருவார்கள். இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறவர்கள், முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். லினக்ஸ், நெட்வொர்க்கிங் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தருகிறேன். அதில் ஒரு பெண் ஒரு நாள் இரண்டு வேலை விளம்பரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினாள். ஒன்று டெவ்ஆப்ஸ் இன்ஜினியர். இன்னொன்று சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர், சுருக்கமாக எஸ்ஆர்இ. கேட்டிருந்த தகுதிகள் கிட்டத்தட்ட வரிக்கு வரி ஒன்று: குபர்நெட்டிஸ், டெர்ராஃபார்ம், ஜெங்கின்ஸ், புரோமிதியஸ் என்று சர்வர்களை நிர்வகிக்கிற கருவிகள், ஏதாவது ஒரு கிளவுட்.

"அண்ணா, ரெண்டும் ஒண்ணுதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. கருவிகளை வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்காது, ஏனென்றால் கருவிகள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இரண்டும் எந்தச் சண்டையைத் தீர்க்க வந்தன, எப்படித் தீர்த்தன என்று பார்த்தால் கிடைக்கும்.

மென்பொருள் கம்பெனிகளில் வெகுகாலம் இரண்டு கூட்டம் இருந்தது. ஒன்று நிரல் எழுதுகிற டெவலப்பர்கள். இன்னொன்று அதைச் சர்வரில் ஏற்றி இரவு பகலாகக் காவல் காக்கிற ஆபரேஷன்ஸ். முதல் கூட்டத்துக்குப் புதிதாக எதையாவது வெளியிட்டால்தான் பெயர். இரண்டாவது கூட்டத்துக்கு எதுவும் விழாமல் இருந்தால்தான் பெயர். விழாமல் இருக்கச் சுலபமான வழி, எதையும் மாற்றாமல் இருப்பது. சண்டை அங்கேயே பிறந்துவிடுகிறது. ஆட்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அது பிறக்கும்.

இந்தப் பிரிவினை எல்லா இடத்திலும் தப்பு என்று சொல்ல மாட்டேன். நம் பக்கத்திலேயே பாருங்கள். பெரம்பூர் ஐசிஎஃப்பில் 1955-லிருந்து ரயில் பெட்டி கட்டுகிறார்கள். சென்ட்ரலுக்கு வந்து சேரும் ரயில்களை பேசின் பிரிட்ஜ் யார்டுக்குக் கொண்டுபோய், பெட்டிக்கு அடியில் இறங்கிச் சோதித்து, கழுவி, அடுத்த பயணத்துக்கு அனுப்புகிறார்கள். கட்டுகிறவர் வேறு, பராமரிக்கிறவர் வேறு. ஒரு பெட்டி வெளியே வந்தால் இருபது வருடத்துக்கு மேல் ஓடும். பேசின் பிரிட்ஜில் இருப்பவர் அதை முழுசாகப் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது. மென்பொருள் காலையில் ஒரு மாதிரி இருக்கும், சாயங்காலம் வேறு மாதிரி இருக்கும். ஓடுகிற ரயிலில் தினமும் சக்கரத்தை மாற்றுகிற வேலை அது. மாற்றுகிறவரும் காக்கிறவரும் பேசிக்கொள்ளாவிட்டால் தாங்காது.

2009 ஜூனில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் வெலாசிட்டி என்ற மாநாடு நடந்தது. ஃபிளிக்கர் படத்தளத்தில் வேலை பார்த்த ஜான் ஆல்ஸ்பா, பால் ஹேமண்ட் இருவரும் ஒன்றாக மேடையேறினார்கள். ஒருவர் ஆபரேஷன்ஸ் பக்கம், இன்னொருவர் டெவலப்மென்ட் பக்கம். ஒரு நாளைக்குப் பத்து தடவைக்கு மேல் டிப்ளாய் செய்கிறோம், அதாவது புதிய நிரலைச் சர்வரில் ஏற்றுகிறோம், இரண்டு அணியும் சேர்ந்தே செய்கிறோம் என்று விளக்கினார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு ரிலீஸ் செய்வது சாதாரணமாக இருந்த காலம் அது. இதைக் கேட்டு உற்சாகமான பெல்ஜியக்காரர் பேட்ரிக் டெபுவா, அதே வருடம் அக்டோபர் கடைசியில் கெண்ட் நகரில் டெவ்ஆப்ஸ்டேஸ் என்று ஒரு கூட்டம் போட்டார். ட்விட்டரில் ஹேஷ்டேக்காகப் போகும்போது 'டேஸ்' உதிர்ந்து டெவ்ஆப்ஸ் என்று நின்றது.

ஆக, டெவ்ஆப்ஸ் ஒரு இயக்கமாகப் பிறந்தது. அதற்குத் தலைமை அலுவலகம் கிடையாது, சட்டம் கிடையாது. ஒரு பார்வை உண்டு: எழுதுகிறவரும் காக்கிறவரும் ஒரே கட்சி, கையால் செய்வதை ஆட்டோமேட் செய், மாற்றங்களைச் சின்னச் சின்னதாக அனுப்பு, எல்லாவற்றையும் அளந்து பார், தெரிந்ததை மறைக்காமல் பகிர். உண்மையில் 'டெவ்ஆப்ஸ் இன்ஜினியர்' என்ற பதவியே அந்த இயக்கத்தின் எண்ணத்துக்குக் கொஞ்சம் முரணானது. இரண்டு அணிக்கு நடுவே இருந்த சுவரை இடிக்க வந்தவர்கள், நடுவில் மூன்றாவதாக ஒரு அணியை உட்காரவைக்கச் சொல்லவில்லை.

எஸ்ஆர்இ ஒரு கம்பெனிக்குள், ஒரு வேலையாகப் பிறந்தது. 2003-இல் கூகுளில் ஏழு இன்ஜினியர்கள் இருந்த ஒரு புரொடக்‌ஷன் அணியை பென் டிரெய்னர் ஸ்லாஸிடம் ஒப்படைத்தார்கள். அவர் மென்பொருள் எழுதிப் பழகியவர். ஆபரேஷன்ஸ் அணியை ஒரு மென்பொருள் இன்ஜினியர் அமைத்தால் எப்படி அமைப்பாரோ, அப்படி அமைத்தார். ஒரே வேலையை நாலாவது தடவை கையால் செய்யச் சொன்னால் சலித்துப்போய், அதற்கு ஒரு நிரல் எழுதி முடித்துவிடுகிற ஆட்களாகப் பார்த்து எடுத்தார்.

வருடங்களைக் கவனியுங்கள்: 2003, 2009. டெவ்ஆப்ஸ் வளர்ந்து எஸ்ஆர்இ ஆனது என்று பல பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். அது சரியில்லை. எஸ்ஆர்இ ஆறு வருடம் மூத்தது. 2016-இல் கூகுள் அதைப் புத்தகமாக வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் விரிவாகத் தெரிந்துகொண்டது, அவ்வளவுதான். ஒரே வியாதிக்கு இரண்டு ஊரில் தனித்தனியாகக் கண்டுபிடித்த மருந்துகள் இவை. பிற்பாடு கூகுள்காரர்களே இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொன்னார்கள்: டெவ்ஆப்ஸ் ஒரு இன்டர்ஃபேஸ், அதை இம்ப்ளிமென்ட் செய்கிற ஒரு கிளாஸ் எஸ்ஆர்இ. ஜாவா படித்த பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்துவிடும். இன்டர்ஃபேஸ் என்னென்ன வேண்டும் என்று சொல்லும்; எப்படி என்பதை கிளாஸ் எழுதிக் காட்டும்.

அந்த 'எப்படி'யில்தான் எஸ்ஆர்இயின் உயிர் இருக்கிறது. சேர்ந்து வேலை செய்யுங்கள் என்கிறது டெவ்ஆப்ஸ். சரி, சேர்ந்தாயிற்று. நாளைக்கு ஒரு புதிய வசதியை வெளியிடலாம் என்கிறார் ஒருவர், போன வாரமே இரண்டு தடவை விழுந்தது, வேண்டாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது நடக்கும்? பதவியில் பெரியவர் சொல்வதா, குரல் உயர்ந்தவர் சொல்வதா? எஸ்ஆர்இ இந்த இடத்தில் ஒரு எண்ணைக் கொண்டுவந்து வைக்கிறது.

அந்த எண் இப்படி வரும். முதலில், பயனர் பக்கமிருந்து எதை அளக்கலாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்: கோரிக்கைகளில் எத்தனை சதவீதம் சரியான பதிலோடு, குறித்த நேரத்துக்குள் திரும்பின என்பது போல. இது எஸ்எல்ஐ. அதற்கு ஒரு இலக்கு வைத்தால் எஸ்எல்ஓ. வாடிக்கையாளரோடு எழுதிக் கையெழுத்திட்டு, தவறினால் இழப்பீடு தருகிற ஒப்பந்தம் எஸ்எல்ஏ. அது வக்கீல்கள் விஷயம், இங்கே விட்டுவிடலாம். இலக்கு 99.9 சதவீதம் என்றால் மீதி 0.1 சதவீதம் விழலாம் என்று எல்லோரும் முன்கூட்டியே சம்மதித்திருக்கிறோம். அந்த 0.1-தான் எர்ரர் பட்ஜெட். 30 நாள் மாதத்தில் 43.2 நிமிடம். 99.99 என்றால் 4.32 நிமிடம்தான், போன் அடித்து, எழுந்து, லேப்டாப் திறப்பதற்குள் போய்விடும்.

ஏன் 100 சதவீதம் என்று வைக்கக் கூடாது? பிள்ளைகள் எல்லோருமே இதைக் கேட்பார்கள். கொடுங்கையூரில் ஒருவர் போனில் உங்கள் செயலியைத் திறக்கிறார். அவருக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவில் சிக்னல், வைஃபை, மின்சாரம், போன் பேட்டரி எல்லாம் இருக்கிறது. அவை எதுவுமே 99.99 சதவீதம் கிடையாது. சர்வரை 99.999-லிருந்து 100-க்கு ஏற்றினால் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அதற்கான செலவு பூதாகாரமாக ஏறும், புதிய வசதி எதுவும் அவர் கைக்கு வராது. பட்ஜெட் என்ற சொல் அதனால்தான் பொருத்தம். அது செலவழிப்பதற்காக உள்ள பணம். மிச்சம் இருந்தால் துணிந்து வெளியிடலாம், புதிய சோதனை செய்யலாம். தீர்ந்துவிட்டால் புதிய வசதிகளை நிறுத்திவிட்டு, இருப்பதைச் சரிசெய்ய வேண்டும்.

அந்தப் பெண்ணின் அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். இதைச் சொன்னதும் அவள், "எங்க அப்பாவோட தடைக்காலம் மாதிரியா அண்ணா?" என்றாள்.

எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தோன்றியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். காசிமேட்டில் அந்த இரண்டு மாதம் போய்ப் பார்த்தால் தெரியும், படகுகள் சும்மா நிற்காது. பலகை மாற்றுவார்கள், இன்ஜினை இறக்கி ஏற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையைப் பிரித்துப்போட்டுக் கிழிந்த கண்ணியைப் பின்னுவார்கள். ரிலீஸ் நிறுத்தமும் அப்படித்தான் இருக்க வேண்டும். டெவலப்பர்கள் அந்த நாட்களில் கோளாறின் வேரைத் தேடி அடைக்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் அவளிடம் சொன்னேன்: மீன்பிடித் தடை காலண்டரைப் பார்த்து வருகிறது, எஸ்ஆர்இ நிறுத்தம் மீட்டரைப் பார்த்து வருகிறது. நன்றாக ஓடுகிற அணிக்கு அது வராமலே போகலாம்.

எதை அளக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தது ஒரு ராத்திரி. அப்போது ஒரு கம்பெனியில் ஆன்-கால் பார்த்துக்கொண்டிருந்தேன், அதாவது எந்த நேரத்தில் எது விழுந்தாலும் எனக்குத்தான் போன் வரும். இரவு 2:10-க்கு போன் அடித்தது. பதினான்கு அலர்ட். அதில் பதின்மூன்று, ஒரே கோளாறின் எதிரொலி. தளத்தின் டிஎல்எஸ் சான்றிதழ் (இது உண்மையான தளம்தான் என்று உலாவிக்குக் காட்டுகிற அடையாளச் சீட்டு) காலாவதியாகிவிட்டது என்றது உலாவி. போய்ச் சான்றிதழ் ஃபைலைத் திறந்து பார்த்தேன். தேதி சரியாக இருந்தது. புதுப்பிக்கிற ஸ்கிரிப்ட் மூன்று வாரம் முன்பே தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. மறுபடி பார்த்தேன், அதே தேதி. இருபது நிமிடம் அங்கேயே போனது. அப்புறம் வெளியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளை போட்டு, சர்வர் உண்மையில் எந்தச் சான்றிதழை நீட்டுகிறது என்று கேட்டேன். பழையது வந்தது. புதிய ஃபைல் டிஸ்க்கில் இருக்க, தளத்தை வழங்குகிற சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் தன் நினைவில் பழையதையே வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. ரீலோட் செய்யச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஒரு ரீலோட், முடிந்தது. மொத்தம் 47 நிமிடம். ஜன்னலுக்கு வெளியே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் குட்டி லாரிகளின் சத்தம் ஆரம்பித்திருந்தது.

மறுநாள் கூட்டத்தில் இரண்டு பார்வையும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. டெவ்ஆப்ஸ் கண்ணோடு பார்த்தவர் கேட்டது: புதுப்பிப்பதும் ரீலோடும் ஏன் இரண்டு தனி வேலையாக இருக்கின்றன? ஒரே பைப்லைனில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடுகிற வேலைத்தொடரில், சேர்த்துவிடலாம், கட்டமைப்பையே நிரலாக எழுதி வைத்துவிடலாம். எஸ்ஆர்இ கண்ணோடு பார்த்தவர் கேட்டது: பயனருக்குத் தெரிகிற சான்றிதழை ஏன் யாரும் வெளியிலிருந்து அளக்கவில்லை? காலாவதிக்கு 14 நாள் இருக்கும்போதே பகலில் ஒரு எச்சரிக்கை வந்திருக்க வேண்டுமே? ஒரு கோளாறுக்குப் பதினான்கு அலர்ட் ஏன்? நம் பட்ஜெட்டில் இது எவ்வளவு தின்றது? இரண்டு கேள்வித்தொகுதியும் தேவைதான். முதலாவது, மாற்றம் போய்ச்சேரும் பாதையைச் சரிசெய்கிறது. இரண்டாவது, போய்ச்சேர்ந்த பிறகு பயனர் என்ன அனுபவிக்கிறார் என்பதைக் கவனிக்கிறது.

அந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் எஸ்எல்ஓ நிமிடக் கணக்கில் இருந்தது. 47 என்பது 43.2-ஐத் தாண்டிவிட்டது, ஆக மாத பட்ஜெட் முழுக்க காலி. ஆனால் அந்த நேரத்தில் தளத்தில் ஆளே இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு கற்பனைச் செயலியை எடுத்துக்கொள்வேன். காசிமேட்டு மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற செயலி என்று வையுங்கள். மாதத்துக்கு 10 லட்சம் கோரிக்கை, 99.9 என்றால் 1,000 கோரிக்கை தவறலாம். செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்கு நிமிடத்துக்கு 3 பேர் வருவார்கள். 47 நிமிடத்தில் தவறுவது 141 கோரிக்கை, பட்ஜெட்டில் ஏழில் ஒரு பங்கு. அதே 47 நிமிடம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு விழுந்தால்? வஞ்சிரம் வாங்க நிமிடத்துக்கு 400 பேர் நிற்கிறார்கள். 18,800 கோரிக்கை தவறும். கிட்டத்தட்ட பத்தொன்பது மாத பட்ஜெட் ஒரே காலையில் போய்விடும். நிமிடக் கணக்குக்கு இந்த இரண்டும் ஒன்று. வாடிக்கையாளருக்கு ஒன்றா? எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருப்பது இதனால்தான். டாஷ்போர்டு வைத்துவிட்டோம், எஸ்ஆர்இ ஆகிவிட்டோம் என்று நினைக்கிற அணிகள் இந்த இடத்தைத் தாண்டாமலே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

டெவ்ஆப்ஸ் பக்கமும் எண்கள் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. டோரா என்ற ஆய்வுக் குழு பிரபலமாக்கிய நான்கு அளவுகள்: எவ்வளவு அடிக்கடி டிப்ளாய் செய்கிறீர்கள், எழுதிய மாற்றம் பயனரைச் சேர எவ்வளவு நேரமாகிறது, மாற்றங்களில் எத்தனை பங்கு கோளாறில் முடிகிறது, விழுந்தால் எழ எவ்வளவு நேரமாகிறது. நிக்கோல் ஃபோர்ஸ்கிரென் தலைமையில் நடந்த இந்த ஆய்வுகளின் முக்கியமான முடிவு, வேகமும் உறுதியும் எதிரிகள் இல்லை என்பது. அடிக்கடி வெளியிடுகிற அணிகளே குறைவாகவும் விழுந்தன, சீக்கிரமும் எழுந்தன.

இங்கே கவனமாக யோசிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். வேகமும் உறுதியும் கூட்டாளிகள் என்றால், பட்ஜெட் தீர்ந்ததும் ரிலீஸை நிறுத்து என்று எஸ்ஆர்இ ஏன் சொல்ல வேண்டும்? என் அனுபவத்தில் இது வெறும் ஏட்டுச் சந்தேகம் இல்லை. ஒரு மாதம் நிறுத்திவைத்தால் அந்த மாதம் முழுக்க எழுதியது குவிந்துகிடக்கும். நிறுத்தம் முடிந்த அன்று மொத்தமாக வெளியே போகும்; அதுதான் ஆபத்தான நாள். அதனால் நான் ஆதரிப்பது இப்படி ஒரு ஏற்பாட்டை: பட்ஜெட் தீர்ந்தால் புதிய வசதிகள் நிற்கட்டும், ஆனால் பைப்லைன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கோளாறு திருத்தங்களும் சோதனைகளும் சின்னச் சின்னதாகத் தினமும் போகட்டும். நிறுத்தம் முடிந்த பிறகு குவிந்ததை ஒன்றொன்றாக, முதலில் நூற்றில் ஒரு பயனருக்கு, அப்புறம் பத்து பேருக்கு என்று விடலாம். இப்படிச் செய்ய நல்ல டெவ்ஆப்ஸ் பைப்லைன் இல்லாமல் முடியாது. எஸ்ஆர்இயின் விதி டெவ்ஆப்ஸின் கைத்திறன் மேல்தான் நிற்கிறது.

இரண்டும் முழுசாக ஒன்றுசேரும் இன்னொரு இடம், கோளாறுக்குப் பிறகு எழுதுகிற போஸ்ட்மார்ட்டம். மேலே சொன்ன சான்றிதழ் கதையில் முதல் வரைவு, இன்ன நபர் ரீலோட் செய்ய மறந்துவிட்டார் என்று முடிந்திருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். அந்த வரியை எடுத்துவிட்டு, ரீலோட் செய்வது ஒருவருடைய ஞாபகத்தை நம்பி இருந்தது என்று எழுதினோம். பெயர் இருந்தவரை எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் போனதும் ஸ்கிரிப்டைப் பார்த்தார்கள். யாரையும் குற்றம்சாட்டாமல் எழுதுவதை இரக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது வேலை நடப்பதற்கான வழி. பயந்தவர் அடுத்த தடவை லாக்கை, அதாவது சர்வரில் நடந்தது பதிவான குறிப்பை, மறைப்பார்.

டாயில் பற்றியும் சொல்ல வேண்டும். கையால் செய்வது, திரும்பத் திரும்ப வருவது, நிரலால் செய்துவிட முடிவது, செய்து முடித்தாலும் எதையும் மேம்படுத்தாதது, சேவை பெருகப் பெருகத் தானும் பெருகுவது: இதை எஸ்ஆர்இகள் டாயில் என்பார்கள். தினமும் காலையில் வந்து நிரம்பிய டிஸ்க்கில் பழைய லாக்குகளை அழிப்பது நல்ல உதாரணம். கூகுள் வைத்த விதி, ஒரு எஸ்ஆர்இயின் நேரத்தில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட ஆபரேஷன்ஸ் வேலைக்குப் போகக் கூடாது. மீறினால் உபரி வேலை டெவலப்பர் அணிக்கே திரும்பிப் போகும். ஆட்டோமேட் செய் என்று டெவ்ஆப்ஸும் சொல்கிறது. உச்சவரம்பு போட்டு, மீறினால் என்ன நடக்கும் என்றும் எழுதி வைத்தது எஸ்ஆர்இ. ராத்திரி ராத்திரியாக விழித்துக் களைத்துப்போகிற இளைஞர்களைப் பார்க்கிறவன் என்ற முறையில், எஸ்ஆர்இ கொடுத்த மிகப் பெரிய பாதுகாப்பாக இந்த வரம்பைத்தான் நினைக்கிறேன்.

எல்லாக் கம்பெனிக்கும் தனி எஸ்ஆர்இ அணி தேவையா? இருபது பேர் உள்ள இடத்துக்குத் தேவையில்லை. அங்கே எழுதுகிறவரே காக்கட்டும். ஆனால் ஒரு எஸ்எல்ஓ, ஒரு பட்ஜெட், ஒரு நிறுத்த விதி எந்த அளவு அணிக்கும் உதவும். நான் வருத்தப்படுவது வேறு ஒரு பழக்கத்தைப் பார்த்து: பழைய ஆபரேஷன்ஸ் அணிக்கு எஸ்ஆர்இ என்று பெயர் மாற்றிவிடுவார்கள். ரிலீஸை நிறுத்தச் சொல்லும் உரிமை கிடைக்காது, நிரல் எழுத நேரம் கிடைக்காது, ராத்திரி போன் மட்டும் அப்படியே வரும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, பறக்கும் ரயிலில் திருவான்மியூர் போய், அங்கிருந்து ஓஎம்ஆர் பஸ் பிடிக்கிற பிள்ளைக்கு ராத்திரித் தூக்கமும் போனால் என்ன மிஞ்சும்?

அதனால் வேலை தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது, பெயரைப் பார்த்துப் படிப்பைப் பிரிக்காதீர்கள். லினக்ஸ், நெட்வொர்க், பைத்தானோ கோவோ ஒரு மொழி, இவை இரண்டுக்கும் அடித்தளம். நேர்முகத் தேர்வில், கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்பார்கள் இல்லையா, அப்போது கேட்க ஒன்று சொல்லிக்கொடுத்தேன்: "போன தடவை உங்கள் எர்ரர் பட்ஜெட் தீர்ந்தபோது எந்த ரிலீஸ் நின்றது?"

அந்தப் பெண் ஒரு கம்பெனியில் இதைக் கேட்டிருக்கிறாள். மேனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பணம் செலுத்தும் பக்கத்தை மாற்றி வெளியிடுவதாக இருந்தோம், இரண்டு வாரம் நிறுத்திவைத்தோம், டெவலப்பர்கள் அந்த இரண்டு வாரமும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பிரச்சினையில் உட்கார்ந்தார்கள் என்று விவரமாகச் சொன்னாராம். அங்கேயே சேர்ந்துவிட்டாள். ஆர்டரில் போட்டிருந்த பதவி, டெவ்ஆப்ஸ் இன்ஜினியர்.